நிழலுக்கு எது நல்லது: பூவரசா, புங்கமா?

சித்திரை பிறந்துவிட்டால் எளாவூருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களில் நிழல் என்பது அரிய பொருளாகிவிடுகிறது. ஏரித் தண்ணீர் உள்வாங்கிப் போய், கரையோரத் தரையில் உப்பு வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கும். வலை சரிபார்ப்பவர்கள் காலை பத்து மணிக்கெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு நிழல் தேட வேண்டியிருக்கிறது. பனை ஓலை முடையும் பெண்களுக்கும், கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கும் அதே கஷ்டம்தான். சவுக்குத் தோப்புகள் கண்ணுக்கெட்டிய மட்டும் உண்டு. ஆனால் சவுக்கின் நிழல் சல்லடை நிழல். அதுவும் நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்குப் போய்விடும். பனை நிழலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே வீட்டு முற்றத்திலும் தோட்டத்து ஓரத்திலும் நிலையான நிழல் மரம் ஒன்று வைக்க விரும்புகிற சிறு குடியானவர்களும் மீனவர்களும் கடைசியில் வந்து நிற்பது இரண்டு மரங்களிடம்தான். ஒன்று பூவரசு, மற்றொன்று புங்கம். இரண்டுமே நம் மண்ணுக்குப் பழகியவை. இரண்டுமே அடர்த்தியான, குளிர்ந்த நிழல் தருபவை. உப்பையும் வறட்சியையும் ஓரளவு தாங்கக்கூடியவை. அதனால் ‘எதை வைத்தால் என்ன’ என்று பலர் கைக்குக் கிடைத்த கன்றை ஊன்றிவிடுகிறார்கள். ஐந்து சென்ட் மனையில் ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கும். தவறான மரத்தை வைத்துவிட்டால் தெரிய வருவதற்குப் பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் அது ஓட்டுக்கூரைக்கு மேல் கிளை விரித்து நிற்கும். புயல் அடிக்கும் கரையில் இது சாதாரண விஷயம் அல்ல.

மண்ணைப் பார்த்து மரம்

எளாவூர் வட்டாரம் முழுவதும் ஒரே மண் என்று நினைத்துவிடக் கூடாது. ரயில் பாதையை ஒட்டிய மேட்டுப் பாங்கான நிலத்தில் நெல்லும் வேர்க்கடலையும் விளைகின்றன. அங்கிருந்து சுண்ணாம்புக்குளம் பக்கம் போகப் போக மண் மணலாகி, கிணற்றுத் தண்ணீரும் கரிக்கத் தொடங்குகிறது. ஏரிக்கரையை நெருங்கினால் உமரிச் செடிதான் தரையை மூடியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஏரியை நிரப்பும்போது உப்பு குறைகிறது. கோடையில் ஆற்று வரத்து நின்றுபோய், வெயிலில் தண்ணீர் சுண்டும்போது ஏரியின் சில பகுதிகளில் உப்பு கடலையும் மிஞ்சிவிடுகிறது. கரையோர நிலத்தடி நீரும் இதற்கேற்ப மாறும்.

இந்தக் கணக்கில் பூவரசுதான் கெட்டிக்கார மரம். அது இயற்கையிலேயே கடற்கரை மரம். உப்புக் காற்று நேராக முகத்தில் அடித்தாலும் இலை கருகாமல் நிற்கும். அதன் விதை கடல் நீரில் மிதந்து போய் அக்கரையில் முளைக்கக்கூடியது. அப்படித்தான் இந்தியக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரையில் பூவரசு காணப்படுகிறது. ஹவாய்த் தீவில் அதை ‘மிலோ’ என்று அழைத்து, அந்தக் கட்டையில் உணவுக் கிண்ணங்கள் கடைந்தார்கள். அங்கும் அது வீட்டருகே வைக்கும் நிழல் மரமாகவே இருந்திருக்கிறது.

புங்கமும் உப்பைத் தாங்கும். வேர்ப்பகுதியில் சில நாட்கள் தண்ணீர் நின்றாலும் சாகாது. ஆனால் அதன் இயல்பான இடம் ஆற்றோரமும் ஓடைக்கரையும். ஆணிவேர் ஆழமாக இறங்கி, ஓரளவு நல்ல தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிறகு அதற்குக் கவலை இல்லை. அப்படித் தொட முடியாத இடத்தில், அதாவது ஏரி விளிம்பில், கன்று பிழைத்தாலும் குட்டையாகவே நின்றுவிடும்.

மண் பரிசோதனைக்கு அனுப்ப வசதி இல்லாதவர்கள் தரையைப் பார்த்தே ஒரு முடிவுக்கு வரலாம். அறுகம்புல் நன்றாகப் படர்ந்திருக்கிற இடத்தில் புங்கம் வரும். உமரி மட்டுமே வளர்ந்து, கோடையில் உப்பு பூக்கிற தரையில் புங்கத்தை வைத்து ஏமாற வேண்டாம். அங்கு பூவரசுகூட மேடு கட்டி வைத்தால்தான் பிடிக்கும்.

போத்தா, விதையா?

பூவரசு வைப்பவர்களில் பெரும்பாலோர் கன்று தேடிப் போவதில்லை. பக்கத்து வீட்டு மரத்தில் மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையாகப் பார்த்து, ஆறடி நீளத்துக்கு ஒரு போத்து வெட்டுவார்கள். மேல் வெட்டில் சாணியை அப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றிவிடுவார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றிய போத்து சில வாரங்களில் துளிர்க்கும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் கட்டில் போட்டுப் படுக்கும் அளவுக்கு நிழல் வந்துவிடும். ஆடு எட்டாத உயரத்தில் துளிர்ப்பதால் வேலிச் செலவும் குறைவு. இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது விதையை யார் நினைப்பார்கள்?

ஆனால் இந்தச் சுலபத்துக்கு ஒரு விலை இருக்கிறது. பருத்த போத்தின் மேல் வெட்டை மரப்பட்டை முழுவதும் மூட முடிவதில்லை. சாணி உதிர்ந்த பிறகு மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்குகிறது. நடுக்கட்டை மெல்ல மெல்ல உளுத்து, மரம் பருக்கப் பருக்க உள்ளே பொந்து விழுகிறது. வெளியே பார்த்தால் மரம் பச்சைப்பசேலென்று இருக்கும். மேலும், போத்திலிருந்து வரும் மரத்துக்கு உண்மையான ஆணிவேர் கிடையாது. பக்கவேர்களை நம்பித்தான் நிற்கும். மேலே கனத்த தலை, நடுவே பொந்து, கீழே ஆணிவேர் இல்லாத அடி: இப்படிப்பட்ட மரம் வீட்டுச் சுவருக்கு எட்டடி தூரத்தில் நின்றால் புயல் காற்றில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பூவரசு விழுந்தது என்று மரத்தைக் குறை சொல்கிறவர்கள், அது போத்து மரமா, விதை மரமா என்று முதலில் கேட்க வேண்டும்.

விதையிலிருந்து வளர்ந்த பூவரசின் கட்டை உள்ளே கெட்டியாக இருக்கும். கருஞ்சிவப்பு வைரம் பாய்ந்த அந்த மரத்தைத்தான் ஏழைகளின் தேக்கு என்று சொல்வது வழக்கம். வண்டிச் சக்கரத்துக்கும், கலப்பைக்கும், படகு வேலைக்கும், வீட்டுச் சாமான்களுக்கும் ஏற்றது. பேத்தியின் கல்யாணத்துக்குக் கட்டிலும் பெட்டியும் செய்துவிடலாம் என்ற எண்ணத்தோடு வைப்பதானால் விதைதான் வழி.

விதை சேகரிப்பது கஷ்டம் இல்லை. பழுப்பேறி உலர்ந்த காய்களைப் பறித்து உடைத்தால் மெல்லிய ரோமத்துடன் விதைகள் கிடைக்கும். விதைத்தோல் கடினமானது. ஆகவே விதையின் ஓரத்தைக் கல்லில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போட்டு விதைக்க வேண்டும். இல்லாவிட்டால் முளைப்பு தாறுமாறாக இருக்கும். முளை வந்த கன்றைப் பையிலேயே ஓர் ஆண்டு வைத்திருந்து, முழங்கால் உயரத்துக்கு மேல் வந்த பிறகு நடுவது நல்லது.

அவசர நிழல் வேண்டியவர்கள் என்ன செய்வது? வலை பின்னும் திடலில், கூரைக்கு எட்டாத தூரத்தில் போத்தை ஊன்றிக்கொள்ளட்டும். அதே பருவத்தில் வீட்டுப் பக்கமாக விதைக் கன்று ஒன்றையும் வைத்துவிட வேண்டும். பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் விதை மரம் தலையெடுத்ததும் போத்து மரத்தை விறகுக்கு வெட்டிவிடலாம். போத்து எடுப்பதிலும் பருத்த கிளையைவிடக் கட்டைவிரல் பருமனுள்ள கிளை மேல். வெட்டு சீக்கிரம் மூடிக்கொள்ளும், பொந்து விழும் அபாயம் குறையும். ஆனால் அதற்கு ஆட்டிடமிருந்து காவல் வேண்டும்.

புங்கத்தின் பக்கம் உள்ள நியாயம்

நிழலோடு வருமானமும் உரமும் எதிர்பார்க்கிற விவசாயிக்குப் புங்கம்தான் பொருத்தம். அது அவரை, துவரை சாதியைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். தழையை வயலில் மிதித்தால் நெல்லுக்கு நல்ல தழையுரம். வைத்த நான்கு முதல் ஏழு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். மரத்தின் வயதையும் இடத்தையும் பொறுத்து ஆண்டுக்கு 9 கிலோ முதல் 90 கிலோ வரை விதை கிடைப்பதாகக் கணக்கு. விதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். சமையலுக்கு உதவாது. விளக்குக்கும், சோப்பு தயாரிக்கவும், பயிர்ப் பூச்சிகளை விரட்டவும் பயன்படும். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு டீசலுக்கு மாற்றாகப் புங்க எண்ணெய் பெரிதாகப் பேசப்பட்டது. அந்தப் பேச்சை நம்பித் தோப்புப் போடுவதைவிட, வரப்பில் நிற்கும் நான்கு மரங்களின் விதையைப் பொறுக்கிப் பிண்ணாக்காக்கித் தன் வயலுக்கே இடுவது சிறு விவசாயிக்குக் கையில் கண்ட லாபம். புங்கம் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு தழைச்சத்து உண்டு. இதை மாட்டுக்குத் தீவனமாக வைத்துவிடக் கூடாது.

இன்னொரு வசதியும் உண்டு. புங்கந்தழையின் கசப்பால் ஆடுமாடுகள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. பூவரசந்தழையோ ஆட்டுக்கு அல்வா. காவல் போட ஆள் இல்லாத தோட்டத்தில் இந்த ஒரு காரணத்துக்காகவே புங்கத்தை வைக்கலாம். அதே காரணத்தால், ஆடு வளர்க்கிற வீட்டில் கோடைத் தீவனத்துக்காகப் பூவரசை வைப்பவர்களும் உண்டு.

புங்கம் வெயில் காலத்துக்கு முன்னால் சில வாரங்கள் இலை உதிர்க்கும். மாசியில் மொட்டையாக நிற்கும் மரத்தைப் பார்த்து ‘இதற்கா தண்ணீர் ஊற்றினோம்’ என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். பொறுக்க வேண்டும். பங்குனியில் பளபளவென்று இளந்தளிர் விட்டு, அக்கினி நட்சத்திரம் வருவதற்குள் குடையாக விரிந்துவிடும். நிழல் மிகவும் தேவைப்படும் மாதத்தில் புங்கம் கைவிடுவதில்லை. பூவரசு ஆண்டு முழுதும் பச்சையாக இருக்கும். அதற்குப் பதிலாகத் தினமும் சிறிது குப்பை போடும். காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ மாலைக்குள் சிவந்து வாடிவிடும். முற்றம் பெருக்குகிறவர்களுக்கு இரண்டிலும் வேலை உண்டு. புங்கத்தில் அந்த வேலை பூ உதிரும் சித்திரை, வைகாசியில் மொத்தமாக வரும்.

மரத்தை மரமாகப் பார்த்தால் புங்கம் பூவரசுக்கு ஈடாகாது. கட்டை எளிதில் பிளக்கும், பூச்சி அரிக்கும். விறகுக்கு நல்லது, அவ்வளவுதான்.

பக்கத்தில் வெண்டை இருக்கிறதா?

வீட்டுத் தோட்டத்தில் வெண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூவரசு, பருத்தி, வெண்டை மூன்றும் ஒரே குடும்பம். பருத்திக் காயையும் வெண்டை விதையையும் உறிஞ்சிக் கெடுக்கும் சிவப்புப் பருத்திப் பூச்சி பூவரசங்காயிலும் கூட்டமாகத் தங்கும். அமெரிக்காவில் புளோரிடா பகுதியில் பருத்தியைக் காப்பதற்காகப் பூவரசு மரங்களையே ஒழிக்க முயன்றார்கள் என்றால் பார்த்துக்கொள்ளலாம். எளாவூர்ப் பக்கம் பருத்தி இல்லாததால் அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வெண்டைப் பாத்தியை மட்டும் மரத்தைவிட்டுத் தள்ளிப் போட்டால் போதும். மாவுப்பூச்சியும் பூவரசின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொள்வது உண்டு. அத்தகைய கிளையை வெட்டி எரித்துவிடலாம்.

புங்க இலைகளில் பரு போலப் புடைப்புகள் வருவது சிலந்திப் பேன் வேலை. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் மரத்துக்கு ஆபத்து இல்லை. இதற்காக மருந்து தெளிப்பது வீண் செலவு.

நடவும் இரண்டு கோடையும்

இந்த வட்டாரத்தில் மரம் நட ஏற்ற காலம் ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த பிறகுதான். அந்த மழை மேல் மண்ணிலுள்ள உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். ஆனால் அதே மாதத்தில்தான் தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்குகிறது. ஆகவே ஏரிப் பக்கத்து மனைகளில் குழிக்குள் நடாமல், ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நட வேண்டும். மேட்டு நிலத்தில் இரண்டடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, முன்கூட்டியே ஆறவிட்டு, மக்கிய தொழு உரம் இரண்டு கூடையும் வண்டலும் மேல் மண்ணும் கலந்து நிரப்பினால் போதும். உப்பு மண்ணைத் திரும்பக் குழியில் தள்ளக் கூடாது.

வீட்டுச் சுவரிலிருந்து பூவரசுக்கு 20 அடியாவது இடைவெளி விட வேண்டும். புங்கத்துக்கு 25 அடி. அதன் பக்கவேர்கள் தூரம் போய் ஆங்காங்கே துளிர் விடுவதால் கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகிலும் வைக்க வேண்டாம். இந்த அளவுக்கு மனையில் இடம் இல்லாதவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு முருங்கை வைத்துக்கொள்வது உத்தமம்.

வளர்ந்த மரம் உப்பைத் தாங்கும் என்பதால் கன்றும் தாங்கும் என்று கரிக்கும் தண்ணீரை ஊற்றுவது பலர் செய்யும் தவறு. முதல் இரண்டு கோடையிலும் குடிக்கத்தக்க தண்ணீரே ஊற்ற வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை இரண்டு குடம் என்ற கணக்கில், தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் வேர் கீழே இறங்கும். அடியைச் சுற்றித் தேங்காய் மட்டையோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போட வேண்டும். தரை காய்ந்தால்தான் உப்பு மேலே ஏறும். மூடாக்கு அதைத் தடுக்கிறது. தென்கிழக்குப் பக்கமாக இரண்டு பனை ஓலையை ஊன்றி வைத்தால் முதல் கோடையின் வெயிலும் காற்றும் கன்றை வாட்டாது. ஆட்டுக்கு வேலிகாத்தான் முள்ளைச் சுற்றிக் கட்டலாம். அந்த முள்ளுக்கு இங்கே பஞ்சம் இல்லை.

இரண்டு மரங்களும் விட்டால் தரையிலிருந்தே கிளைத்துப் புதராகும். எட்டடி உயரம் வரை ஒற்றைத் தண்டாக நிற்கும்படி பக்கக் கிளைகளைச் சிறிதாக இருக்கும்போதே கழித்துவர வேண்டும். கிளை பருத்த பிறகு வெட்டினால் அந்தக் காயமும் பொந்தாகும்.

புயலுக்கு முன்

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அழகுக்காக வைத்த குல்மொகரும் பெருங்கொன்றையும் அவற்றில் மிகுதி. அதன் பிறகு நாட்டு மரங்களை வைக்கும்படி பலரும் சொல்லத் தொடங்கினார்கள். பூவரசும் புங்கமும் அந்தப் பட்டியலில் தவறாமல் இடம் பெறுகின்றன. அதற்காக நாட்டு மரம் விழவே விழாது என்று இருந்துவிடக் கூடாது. ஆவணி, புரட்டாசியில் மரத்தின் தலைப் பாரத்தைக் குறைத்து, காற்று ஊடுருவிப் போகும்படி நெருக்கமான கிளைகளைக் கழிக்க வேண்டும். கழித்த புங்கந்தழை சம்பா வயலுக்கு அப்போது உதவும். பூவரசந்தழை ஆட்டுக்கு உதவும். ஒரே பக்கமாக, கூரைக்கு மேலே நீண்டு போன கிளையை முதலில் எடுக்க வேண்டும். போத்து மரமாக இருந்தால் அடிமரத்தைக் கட்டையால் தட்டிப் பார்க்க வேண்டும். பானையைத் தட்டினாற்போல் சத்தம் வந்தால், அடுத்த மழைக்காலம் வரை அதை வீட்டருகே விட்டு வைப்பது சரியல்ல.

சுருங்கச் சொன்னால், எளாவூர் மேட்டுப் பக்கம், வரப்பும் கிணற்றுத் தோட்டமும் உள்ளவர்களுக்குப் புங்கம். ஏரியைப் பார்த்த முற்றம் உள்ளவர்களுக்கு விதையிலிருந்து வந்த பூவரசு. கன்றுகளை வனத்துறை நாற்றங்கால்களில் கேட்டுப் பார்க்கலாம். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கிய பிறகு நாட்டு மரக் கன்றுகள் வளர்ப்பதற்கு அங்கே கூடுதல் கவனம் தரப்படுகிறது. பூவரசு கேட்கும்போது விதைக் கன்றா என்று விசாரித்து வாங்க வேண்டும்.

தாமே புங்கக் கன்று தயாரிக்க விரும்புகிறவர்கள் மாசி முதல் வைகாசிக்குள் முற்றிய காய்களைச் சேகரிக்கலாம். ஒரு காயில் பெரும்பாலும் ஒரு விதைதான் இருக்கும். புழு துளைக்காத விதையாகப் பொறுக்கி, ஓர் இரவு ஊற வைத்து, 8 அங்குல உயரப் பைகளில் ஓர் அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டில் விதைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் முளைத்துவிடும். புங்க விதையின் முளைப்புத் திறன் சில மாதங்களில் குறைந்துவிடுவதால் சேகரித்த கோடையிலேயே விதைத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கென்று பரணில் போட்டு வைத்த விதை எண்ணெய்க்குத்தான் ஆகும்.